ஐந்து தடமும் திறப்பு

ஜனவரி 9

தவளைக்கு,

இதை எழுதுவது உன் பெரியப்பாதான். வேறு யாரையும் வைத்து எழுதவில்லை. சந்தேகம் இருந்தால் எழுத்துகளைப் பார். கோட்டுக்கு மேலே பாதி, கீழே பாதி, ரோப் காரில் ஏறத் தெரியாதவர்கள் மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார் வாத்தியாரம்மா. எனக்கு அறுபத்தொன்பது வயது. எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

கடிதத்துக்கு ஒரு தொடக்கம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். அதை எழுதினால் அரை நாள் போய்விடும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு இத்தனை வருஷமும் எழுதப் படிக்கத் தெரியாது. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்று நான் எல்லாரிடமும் சொன்னது பொய். கண்ணாடியே என்னிடம் கிடையாது. உன் பெரியம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். ரோப் கார் மேல் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதம் நூலகத்தில் நடக்கும் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாள் நோட்டுப் புத்தகத்தோடு கிளம்பியபோது, "பெரிய படிப்பு படிச்சுட்டு என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க" என்றாள். பத்து மாதம் ஆகிறது. இப்போது என் தொல்லை தாங்கவில்லை என்கிறாள். சோப்பு உறை, பேருந்துப் பலகை, மருந்துப் பாட்டில், எல்லாவற்றையும் சத்தம் போட்டுப் படிக்கிறேன். தீப்பெட்டியில் எத்தனை குச்சி என்று எழுதியிருக்கிறது, தெரியுமா உனக்கு? ஐம்பது வருஷமாகக் குச்சியைக் கிழித்திருக்கிறேன், ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை.

அப்படிப் படித்ததில்தான் போன ஞாயிறு பேப்பரின் கடைசிப் பக்கத்தில், ரோடு சைக்கிள் போட்டி முடிவில், உன் பெயரும் கிடைத்தது. கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. மேலிருந்து தேடியது என் தப்பு. தொண்ணூற்று நான்காவது.

தவளை, நீ மலையில் சைக்கிளில் இறங்கினால் இரண்டாவதாக வந்ததற்கே மூன்று நாள் சாப்பிடமாட்டாய். எதற்காக மலையை விட்டுவிட்டு ரோட்டுக்குப் போனாய்? அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நாம் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. காரணத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஐந்தாம் தடத்துப் பாலத்தைக் கழற்றியிருக்கிறார்கள், தடம் மூடல் என்று கீழே டிக்கெட் ஜன்னலில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு, மேல் நிலையத்துக்கு வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நான் "போம்மா" என்றதும் சிரித்துவிட்டுப் போய்ப் பள்ளத்தில் விழுந்தாய். விசாரணையில் நீயே அப்படிச் சொன்னாய். மருத்துவமனையில் நான் பேசியது அதிகம்தான். படித்த திமிர் என்றேன். பாதி திமிருக்கு, பாதி பயத்துக்கு என்று கணக்கு வைத்துக்கொள்.

உன் பழைய டீம் நீ கேட்டால் மறுபடி சேர்த்துக்கொள்ளும் என்று தட மேலாளர் சொல்கிறார். ஏப்ரலில் போட்டிகள் தொடங்குகின்றன. வந்துவிடு.

எனக்கு இப்போதும் காலை ஏழு மணி ஆனால் மேல் நிலையத்து ஞாபகம் வந்துவிடுகிறது. ரோப் காரின் முதல் நாற்காலி மேலே வரும் நேரம். அதன் கம்பியில் அன்றைய தடச் சீட்டு கிளிப்பில் ஆடிக்கொண்டு வரும். நீ சின்னவளாக இருந்தபோது அதை என் கையிலிருந்து பிடுங்கி, ரேடியோவில் செய்தி வாசிப்பது போல இழுத்து இழுத்துப் படிப்பாய். பிறகு கொக்கியிலிருந்து உன் சைக்கிளை நான் இறக்கித் தருவேன். அதில் உன்னைவிட மண் கனம் அதிகம்.

நான்கு நாளில் எழுதி முடித்தேன். கை வலிக்கிறது. நல்ல வலி.

பெரியப்பா


ஜனவரி 27

பெரியப்பா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உறையின் மேல் என் பெயரை எழுதியிருந்த விதத்தைப் பார்த்து, யாரோ குழந்தை எழுதியது என்று நினைத்துவிட்டேன். மன்னியுங்கள். இனிமேல் கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். உண்மையிலேயே தேவைப்படும்.

தொண்ணூற்று நான்கைப் பற்றி. எங்கள் டீமில் ஏழு பேர். ஜெயிக்க வேண்டியவள் ஒருத்தி. மற்ற ஆறு பேரும் அவளுக்குக் காற்றுப் படாமல் முன்னால் மறைத்து ஓட்டி, கடைசி வரை கொண்டு சேர்க்க வேண்டும். நான் பின்னால் வரும் காருக்குப் போய்த் தண்ணீர் பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு திரும்ப வருவேன். முதுகில் ஐந்து, நெஞ்சில் மூன்று. கடைசி மேட்டுக்கு முன்பே என் வேலை முடிந்துவிடும். அப்புறம் மெதுவாக வந்து சேர்வேன். அன்று அவள் இரண்டாவது. அதனால் எனக்கு அது நல்ல நம்பர்.

ஏன் போனேன் என்றால், கால் ஆறும்வரை நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள்தான் கொடுத்தார்கள். சுவரைப் பார்த்து நான்கு மாதம் மிதித்தேன். மலை டீம் என்னை நீக்கியிருந்தது, எச்சரிக்கையை மீறுகிறவள் என்று எழுதி. ரோடு டீமின் பயிற்சியாளர் என் மிதியின் அளவுகளைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். போனேன். அவ்வளவுதான்.

அந்த நாளைப் பற்றி நாம் எழுத வேண்டாம். பெரியம்மாவிடம் சொல்லுங்கள், அவர் அனுப்பிய கையுறை வந்தது.

தவளை


பிப்ரவரி 11

தவளைக்கு,

தண்ணீர் பாட்டில் விஷயத்தை உன் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "வீட்டுல ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் கொடுத்திருப்பாளா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலையில் உனக்காக மற்றவர்கள் ஒதுங்கி நின்றதைப் பார்த்தவன் நான். மேல் நிலையத்தில் நீ இறங்கினால் பேச்சு நின்றுவிடும். வேர்கள் பின்னிக் கிடக்கும் வளைவில் எல்லாரும் இறங்கித் தள்ளும்போது, நீ மட்டும் பின் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டித் தாவிவிடுவாய். தவளை என்று உனக்குப் பெயர் வைத்ததே நான்தான். ரோட்டில் தாவுவதற்கு என்ன இருக்கிறது?

நீ எழுதிய காரணம் எனக்குப் போதவில்லை. ஆகவே போன சனிக்கிழமை மலையடிவாரத்துக்குப் போய், மலையை விட்டுப்போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்று சைக்கிள்காரர்களிடமே விசாரித்தேன். ஒருவனுக்கு மணிக்கட்டு, காலையில் பல் தேய்க்க முடியவில்லையாம். ஒருத்தி மழையில் ஈர வேரைப் பார்த்தாலே பிரேக்கைப் பிடித்துவிடுகிறேன் என்றாள், நாற்பது வயதுக்கு மேல் எலும்பு ஒட்டாது என்று டாக்டர் சொன்னாராம். இன்னொருவன், மலையில் வருஷத்துக்குப் பத்துப் போட்டிதான், ரோட்டில் அறுபது, சும்மா உட்கார முடியவில்லை என்றான். டிக்கெட் ஜன்னல் அம்மா குறுக்கே புகுந்து, "ஒரே குழம்பை எத்தனை வருஷம் சாப்பிடறது?" என்றார். எதுவும் உன்னைப் போல இல்லை.

யோசித்துப் பார்த்தேன். ஒருவேளை என் கோபத்தினால்தான் நீ இந்தப் பக்கமே வராமல் இருக்கிறாய். அப்படியானால் கேள். நீ என்னிடம் சொல்லாமல் போனதை நான் மன்னித்துவிட்டேன். மனதார. மன்னித்துவிட்டேன் என்பதைப் பிழை இல்லாமல் எழுத ஆறு தாள் ஆயிற்று. ன்னி எனக்கு எப்போதும் வராது. இனி வருவதற்குத் தடை இல்லை.

பெரியப்பா


பிப்ரவரி 20

பெரியப்பா,

மன்னித்ததற்கு நன்றி. ன்னி சரியாகவே வந்திருக்கிறது.

நாளை தொடங்கி ஒன்பது நாள் தொடர் போட்டி. ஊருக்கு ஊர் மாறிக்கொண்டே இருப்பேன். பதில் தாமதமாகும்.

தவளை


மார்ச் 2

தவளைக்கு,

நேற்று, நான் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன மழைக்கோட்டை உன் பெரியம்மா யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எடுத்தாள். உள் பையில் ஒரு சீட்டு இருந்தது. எதைப் பார்த்தாலும் படிக்கும் பழக்கத்தில் அதையும் படித்தேன். தேதி நீ விழுந்த நாள்.

நான் எப்படி வேலை பார்த்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். காலைச் சீட்டு இரண்டு எழுதுவார் மேலாளர். ஒன்று கீழே ஜன்னலுக்கு, ஒன்று எனக்கு. நல்ல நாட்களில் மூன்றே சொல். ஐந்து தடமும் திறப்பு. அதன் முதல் எழுத்தை எனக்கு அடையாளம் தெரியும். சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆள் மாதிரி இருக்கும். அந்த ஆள் முதலில் உட்கார்ந்திருந்தால் எல்லாம் திறந்திருக்கிறது. வேறு எழுத்து இருந்தால் கீழே போன் போட்டு, கண்ணாடி இல்லை, படிச்சுச் சொல்லும்மா என்பேன். இருபத்தாறு வருஷம் இப்படித்தான் ஓட்டினேன். ஒரு தப்பு நடக்கவில்லை என்றே நினைத்திருந்தேன்.

அந்தச் சீட்டிலும் மூன்றே சொல். சப்பணம் போட்ட ஆள் முதலில் இருக்கிறார். ஐந்தாம் தடம் மூடல்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எல்லாத் தடமும் எப்போதாவது மூடியிருக்கிறது. ஐந்து மட்டும் மூடியதே இல்லை. தண்ணீர் நிற்காத தடம். அதனால் அந்த ஆள் எனக்கு ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. துவுக்குப் பதில் தா வந்திருக்கிறது. தாவுக்கு ஒரு கால் இருக்கிறது. அந்தக் காலை நான் பார்க்கவில்லை, உன் கால் போயிற்று.

இவ்வளவு நாளும் என் சீட்டு மேலே வந்த பிறகுதான் கீழே முடிவை மாற்றி ஒட்டினார்கள் என்று நினைத்திருந்தேன். அதனால்தான் நீ என்னை ஏமாற்றிவிட்டாய் என்று கத்தினேன். போன கடிதத்தில் உன்னை மன்னித்துக்கூட விட்டேன்.

நீ கீழே படிக்கவில்லை, இல்லையா? நான் "போம்மா" என்றேன், நீ போனாய்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ மலையை விட்டது என்னாலா? ஆம் அல்லது இல்லை என்று எழுது. சின்னச் சொல் போதும். எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், பெரிய பதில் என்றால் முடிவு தெரிவதற்குள் என்னவோ ஆகிவிடும்.

பெரியப்பா


மார்ச் 12

பெரியப்பா,

இல்லை.

முதல் சொல்லாகவே போட்டுவிட்டேன். இனி நிதானமாகப் படியுங்கள்.

உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். ஒரு நாள் முதல் நாற்காலியில் சீட்டுக்குப் பதிலாக டிக்கெட் அம்மாவின் மளிகைப் பட்டியல் மாறி வந்துவிட்டது. சோப்பு இரண்டு, உப்பு ஒன்று, விளக்குமாறு ஒன்று. நீங்கள் அதை வாங்கிப் பார்த்து, தலையாட்டி, கீழே போன் போட்டு, கண்ணாடி இல்லை என்றீர்கள். அவர் தடங்களைச் சொன்னார். நீங்கள் பட்டியலை ஆணியில் குத்திவிட்டு வேலையைப் பார்த்தீர்கள். அன்று மாலை வரை விளக்குமாறு ஆணியில் தொங்கியது. மறுநாளிலிருந்து நான் சீட்டைப் பிடுங்கிப் படிக்க ஆரம்பித்தேன். செய்தி வாசிப்பதில் எனக்கு ஒரு ஆசையும் இல்லை.

டீமில் சேர்ந்த பிறகு அப்படி இழுத்துப் படிக்க வெட்கமாக இருந்தது. பதிலாக உங்கள் தோளுக்கு மேலே எட்டி ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன். அன்று பார்க்கவில்லை. பயிற்சிக்குப் பத்து நிமிடம் தாமதம், கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் பக்கமும் வரவில்லை, வேலையாட்கள் வழியில் ஏறி வந்தேன். அதனால் பாதி உங்களுடையது, பாதி என்னுடையது. பங்கு பிரிப்பதில் என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.

விசாரணையில் உண்மையைச் சொல்லியிருந்தால் உங்களைக் கூப்பிட்டு, அத்தனை பேர் முன்னால் அந்தச் சீட்டை நீட்டி, "இதைப் படிங்க" என்றிருப்பார்கள். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைத்தான் நினைத்துப் பார்த்தேன். கால் உடைந்ததுகூட அவ்வளவு வலிக்கவில்லை. ஜன்னலில் படித்துவிட்டு, எந்தத் தடம் என்று உங்களிடம் சொல்லாமல்தான் போனேன் என்று சொல்லிவிட்டேன், அதோடு உங்களை யாரும் கூப்பிடவில்லை. நீங்கள் வந்து திட்டியபோது கோபம் வந்தது, நிஜம். இவருக்காகச் சொன்ன பொய்யை வைத்தே இவர் என்னை அடிக்கிறாரே என்று. அதைச் சொல்லவும் முடியாது. அதனால் பேசாமல் இருந்தேன். இரண்டு வருஷம் அதிகம்தான்.

இப்போது உங்கள் கேள்வி. முதல் வருஷம் எனக்கு வேறு வழியில்லை, மலையில் யாரும் எடுக்கவில்லை, உண்மை. ஆனால் மலை டீம் இரண்டு முறை திரும்பக் கூப்பிட்டது. இரண்டு முறையும் நான்தான் மாட்டேன் என்றேன். மேலாளருக்கு அது தெரியாது போல.

போன அக்டோபரில் உங்களிடம் சொல்லாமல் அங்கே வந்தேன். பயம்தான் காரணமா என்று எனக்கே பார்க்க வேண்டியிருந்தது. ஐந்தாம் தடத்தில் இறங்கினேன். வேர் வளைவில் தாவினேன். புதுப் பாலம் உறுதியாக இருக்கிறது. பயம் இல்லை பெரியப்பா. பிரமாதமாக இறங்கினேன் என்று நானே சொல்லிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கீழே போய் ஹெல்மெட்டைக் கழற்றியபோது சொல்வதற்கு ஒரு ஆள் இல்லை. மேலே உங்கள் இடத்தில் யாரோ இருந்தார். நல்லவர்தான். சைக்கிளை இறக்கிக் கொடுத்தார்.

அப்போதுதான் புரிந்தது. இருபது வருஷம் நான் பார்த்ததெல்லாம் முன் சக்கரத்துக்கு முன்னால் இரண்டு முழம் மண். கண்ணை எடுத்தால் விழுந்தேன். மேலே நீங்கள், கீழே டிக்கெட் அம்மா, நடுவில் யாரும் கிடையாது. உங்களோடு மேல் நிலையத்தில் பேசிய ஐந்து ஐந்து நிமிடங்களைச் சேர்த்தால்தான் எனக்கு மலை. அதைத்தான் நான் சைக்கிள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரோட்டில் ஐந்து மணி நேரம் ஓட்டுகிறோம். முதல் மூன்று மணி நேரம் பேச்சுதான். பக்கத்தில் தோள் உரச ஒருத்தி வருவாள், அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். இன்னொரு டீம்காரி, எதிரி, தன் ஷூ கடிக்கிறது என்று மேடு முழுக்கப் புலம்புவாள். குழி வந்தால் முன்னால் போகிறவள் கையைக் காட்டுவாள், நான் எனக்குப் பின்னால் வருகிறவளுக்குக் காட்டுவேன். பாட்டில் கொடுக்கும்போது எங்கள் ஜெயிக்கிறவள் ஒவ்வொரு முறையும், "இன்னும் இருக்கியா நீ?" என்பாள். அவள் அதைக் கிண்டலாகத்தான் சொல்கிறாள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

தாவ ஒன்றும் இல்லைதான். எனக்கு முப்பத்து மூன்று வயது. தாவினது போதும்.

ஒரு வேண்டுகோள். இதையெல்லாம் அங்கே யாரிடமும் சொல்லாதீர்கள். எச்சரிக்கையை மீறுகிறவள் என்ற பெயர் எனக்குப் பழகிவிட்டது. நீங்கள் இருபத்தாறு வருஷம் தலை நிமிர்ந்து வேலை பார்த்த இடம் அது.

தவளை


ஏப்ரல் 4

தவளைக்கு,

உன் கடிதத்தின் முதல் சொல்லோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மீதியைப் படிக்க இரண்டு நாள். மளிகைப் பட்டியலை உன் பெரியம்மாவிடம் சொன்னேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு அந்தத் தண்ணீர் நிற்கவில்லை, வேறு மாதிரி ஆகிவிட்டது. நான் கிளம்பி நூலகத்துக்குப் போய்விட்டேன்.

உன் வேண்டுகோளை நான் கேட்கவில்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், கோபப்பட்டுவிட்டு மீதியைப் படி.

நல்ல வெள்ளைத் தாள் வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதினேன். வாத்தியாரம்மாவிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் அழகாக்கிவிடுவார். எழுதியது இவ்வளவுதான்:

"இரண்டு வருஷத்துக்கு முன் ஐந்தாம் தடம் மூடியிருந்த நாளில் அது திறந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பியது நான். எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. என் தம்பி மகள் எதையும் மீறவில்லை. எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டாள்."

கீழே பெயர் போட்டு, மேல் நிலையம், ஓய்வு என்று எழுதினேன். திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். சீட்டையும் மேஜைமேல் வைத்தேன். அவர் கையெழுத்துதானே, பார்த்ததும் தெரிந்துகொண்டார். தாளை இரண்டு முறை படித்தார். ஜன்னலைத் திறந்தார், மூடினார்.

"இருபத்தாறு வருஷம் உங்களுக்குச் சீட்டு எழுதியிருக்கேன்," என்றார். "ஒண்ணைக்கூடப் படிச்சதில்லையா?"

"பார்த்திருக்கேன்," என்றேன்.

ஓய்வூதியம் போகும், திட்டுவார் என்றெல்லாம் நினைத்து வந்திருந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, என் தாளில் குனிந்து, 'படிக்கத்' என்பதில் நான் விட்டிருந்த புள்ளியை வைத்தார். வேறு எதையும் தொடவில்லை. ஒரு நகல் எடுத்து உன் பழைய டீமுக்கு அனுப்பச் சொன்னார். அசலை என்னிடமே கொடுத்து, ஜன்னலில் நீங்களே ஒட்டுங்க என்றார்.

ஒட்டினேன். டிக்கெட் அம்மா உள்ளேயிருந்து கண்ணாடி வழியாகத் இடவலம் மாறித் தெரிந்த எழுத்தைப் படிக்க முயன்றுவிட்டு, வெளியே வந்து நேராகப் படித்தார். என் தோளில் ஒரு அடி போட்டார். "கண்ணாடி இல்ல, கண்ணாடி இல்லன்னு எத்தனை தடவை. நான் போன வருஷம் உங்க பிறந்தநாளுக்கு ஒண்ணு வாங்கி வச்சேன், கொடுக்க மறந்துட்டேன்," என்றார். உள்ளே போய் மூக்கைச் சிந்திவிட்டு டிக்கெட் கொடுக்க ஆரம்பித்தார்.

நான் பக்கத்து மரப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். வருகிறவர்கள் ஒவ்வொருவராக நின்று படித்தார்கள். படிக்கும்போது சிலருக்கு உதடு அசைகிறது. நான் எழுதியது அவர்கள் வாயில் அசைவதைப் பார்த்தேன். அவமானமாக இருக்கும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இருந்தது. ஆனால் எழுந்து போகத் தோன்றவில்லை. பழைய ஆட்கள் சிலர் வந்து கையைப் பிடித்தார்கள். ஒருவன் பிடிக்காமல் போனான், அவனும் சரிதான்.

வெயில் ஏறிய பிறகு ஒருத்தி வந்தாள். மலை டீமின் சட்டை, உன் பழைய நிறம். அவள் தாளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நீங்கதானா என்று கேட்கவில்லை, தெரிந்துவிட்டது. பெஞ்சில் வந்து உட்கார்ந்து ஷூவை இறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அவங்க திரும்பி வந்துடுவாங்கள்ல?"

"வரமாட்டா," என்றேன்.

"ஏன்? அதான் பேர் சரியாயிடுச்சே."

அந்தப் பதில் என் வாயிலிருந்து வரும்வரை, நான் அதை ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று எனக்கே தெரியாது. ஜனவரியிலிருந்து உன்னை வா வா என்று கூப்பிட்டவன் நான்.

"அங்க அவளுக்குப் பேச ஆள் இருக்கும்மா."

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, சைக்கிளைக் கொக்கியில் தொங்கவிட்டுவிட்டு, ரோப் காரில் ஏறினாள். அவள் பக்கத்து இடம் காலியாகவே மேலே போயிற்று. பாதி தூரம் போன பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கையை ஆட்டினேன். அவள் மறையும் வரை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா